முள் ஏறும் முப்பது விநாடி

“முள்ளு என்னமோ ஜோரா ஏறுது தம்பி. படந்தான் ஓட மாட்டேங்குது” என்றார் வயலின் டீச்சர்.

லைன்காரன் வாயைத் திறக்கவில்லை. இணையக் கம்பெனிக்காக வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு வருஷமாகிறது; இந்தக் கட்டத்தில் பேசக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போன பாடம். லேப்டாப்பை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், மிச்சத்தை முள் பார்த்துக்கொள்ளும். திரையில் அரை வட்டமாக ஒரு மானி. சிவப்பு முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பி, எங்கும் தயங்காமல் ஏறி, வலது கோடியில் முட்டிக்கொண்டு நிற்கும். சரியாக முப்பது விநாடி. அப்புறம் ‘உங்கள் லைன் முழு வேகத்தில் இயங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் வரும். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர்கள்கூட அந்தப் பச்சையைப் பார்த்ததும் தங்கள் கண்ணையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

டீச்சர் அந்த ரகமில்லை. அறுபதைத் தொட்டவர், தனியாக இருப்பவர், யாருக்கும் காதைக் கொடுப்பாரே தவிர காதில் பூ சுற்ற விடமாட்டார். அவருடைய ஸ்டாண்டில் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டேப்லெட் இருந்தது. அதில் வேறு ஊரிலிருந்து பாடம் கேட்கும் மருந்துக் கடைக்காரர் ஒருவர், வில்லைத் தந்தியில் வைத்தபடி, வாய் பாதி திறந்து, அப்படியே உறைந்திருந்தார். சோதனைக்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் மூடச் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி. முதல் தடவை மூடச் சொன்னான், முள் ஏறியது. டீச்சர் மறுபடி அழைத்தார். மருந்துக் கடைக்காரர் மறுபடி உறைந்தார்.

“இன்னொரு தடவை காட்டறேன் மேடம்” என்று பொத்தானை அமுக்கினான். டீச்சர் அழைப்பை மூடவில்லை. மூடச் சொல்ல அவனும் மறந்துபோனான்.

முள் ஏறியது. மருந்துக் கடைக்காரருக்கு உயிர் வந்தது. வில் நீளமாக இழுபட்டது. விரல் தந்தியில் வழுக்கியதுகூடத் தெரிந்தது. சுருதி சேராத ஒரு சத்தம் அறை முழுக்கப் பரவியது. அதைக் கேட்டு இப்படி மகிழ்ந்த ஒரு சங்கீத டீச்சரை அவன் பார்த்ததில்லை.

“அட, வந்துட்டாரே! என்ன தம்பி பண்ணீங்க?”

அவனுக்கே தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. சோதனை ஓடும்போது கம்பெனி திறந்துவிடுவது சோதனைக்கு மட்டுமல்ல. மற்ற நேரம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் லைன் மொத்தமும் திறக்கிறது. எல்லாவற்றையும் மூடச் சொல்வது எதற்கென்று பதினோரு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது.

“ஒயர் லூசா இருந்தது மேடம். டைட் பண்ணிட்டேன்” என்றான்.

பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தான். வாசலில் ஷூவை மாட்டும்போதே உள்ளே வயலின் துண்டு துண்டாக அறுபடுவது கேட்டது. சட்டைப் பையில் போன் ஒலித்தது. டீச்சர் அவனுடைய சேவைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

பைக்கில் அடுத்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு டீச்சர் நினைவில் இல்லை. முப்பது விநாடி என்பது எவ்வளவு நேரம் என்பதையே யோசித்துக்கொண்டு போனான். மெதுவாக எண்ணிப் பார்த்தான். மனைவியின் முகத்தை முழுசாகப் பார்த்து ஐந்து மாசமாகிவிட்டது.

அவனுடைய மனைவி பல் செய்பவள். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு, பார்த்தால் பொய்ப்பல் என்று சொல்ல முடியாதபடி செய்வாள். பல்லின் நிறம் வெள்ளை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அடியில் மஞ்சள், நுனியில் துளி நீலம், நடுவில் பெயரில்லாத ஒன்று. இவன் ஏணியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட வருஷம், நிறம் பொருந்தவில்லை என்று பல் டாக்டர் இவனை நேராக அவள் வேலை செய்த பல் கூடத்துக்கே அனுப்பினார். அவள் நிறப் பட்டையை அவன் வாயருகே பிடித்து, நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தாள். வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவனால் பேச முடியவில்லை. பிறவியிலேயே காது கேட்காததால் அவளும் பேசவில்லை. ஆக இருவரும் சரிசமமாக இருந்தார்கள். அந்தச் சமாதானத்தில் அவன் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்காகக் கைப்பேச்சு கற்றான். கம்பி முறுக்கியே காய்த்துப்போன விரல்கள். அவை திக்கும், தடுமாறும், பாதி சொல்லி நிற்கும். அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள். இரண்டு விரலைச் சேர்த்து முறுக்கிக் காட்டினால் அது அவன் பெயர், அவள் வைத்தது. கைப்பேச்சில் நீ, நீங்க என்ற பேதம் கிடையாது, விரல் நீட்டினால் எல்லோரும் நீதான். முதன்முதலில் அவள் தன் மார்பைத் தொட்டு ‘நீ’ என்று விரல் நீட்டியபோது அவனுக்குக் காது மடல் வரைக்கும் சூடாகியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பல் கூடம் அவளைக் கூப்பிட்டது. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, “போகட்டுமா?” என்று கேட்டாள். அவன் இரண்டு கையையும் விரித்து, “உன் இஷ்டம்” என்றான். பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னான். அவள் அந்த விரிந்த கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பெட்டி அடுக்கப் போய்விட்டாள். அந்தப் பார்வையை அவன் இன்றைக்கும் அசைபோடுகிறான். போகாதே என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தாளா, போய்விட்டு வா என்று மனசாரச் சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தாளா? இரண்டையும் சொல்லாமல் இரண்டு கையையும் விரித்த மடையன் தான் ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொள்வான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. காது கேளாதவர்களுக்கென்று ஒரு சின்னக் குழு செய்த ஆப் ஒன்று இருந்தது. விரலசைவு சிதறாமல் காட்டும். தினமும் சாயங்காலம் பேசினார்கள். அவள் தலைமை மேஜைக்கு வந்ததும், ஒரு நடிகைக்குப் பல் செய்ததும், விடுதி ஜன்னலில் தெரியும் ஒற்றை மரமும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அப்புறம் இவனுடைய இணையக் கம்பெனி பட்டியல் போட்டது. பணம் கட்டிய ஆப்களுக்குப் பெருவழி, கட்டாதவற்றுக்கு ஒற்றையடிப் பாதை. ஒயர் ஒன்றுதான், அவனே தோளில் சுமந்து இழுத்த ஒயர்தான். அதற்குள்ளேயே இப்போது முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் வந்துவிட்டன. கம்பெனியின் சொந்த ஆப் பறந்தது, ஆனால் அது நாட்டு எல்லையைத் தாண்டாது. பெரிய ஆப்களை அவள் இருக்கும் நாட்டில் தடுத்திருந்தார்கள். அந்தச் சின்ன ஆப் யார் பட்டியலிலும் இல்லை. போனுக்கு வரும் இணையமும் இதே கம்பெனியுடையது. இந்தப் பக்கத்துக்கே வேறு கம்பெனி கிடையாது.

ஐந்து மாசமாகத் திரையில் அவள் துண்டு துண்டாக வந்தாள். ஒரு கை மேலே இருக்கும், அடுத்த படத்தில் அது மடியில் இருக்கும், நடுவில் என்ன சொன்னாள் என்பது போயே போய்விடும். குரலாக இருந்தால் விட்டதை ஊகித்துக்கொள்ளலாம். கைக்கு அப்படி முடியாது. அவன் மேற்பார்வையாளரிடம் போய் நின்றான்.

“டேட்டா பேக் ஏதாவது போட்டுக்கலாம்னா போட்டுக்கறேன் சார்.”

“பட்டியல்ல இருக்கிற ஆப்புக்குத்தான்யா பேக்கு. உன் ஆப்புக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டாங்களா? இல்லையே.” மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை, கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். “வாய்ஸ் கால் நல்லாத்தானே இருக்கு, அதுல பேசேன்” என்றவர் அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்த வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. திங்கட்கிழமை காலையில சொல்லணும். நீ என்ன சொல்றேன்னு ஞாயித்துக்கிழமை சொல்லு. எழுதாதே, நீ எழுதினா கம்பெனி நோட்டீஸ் மாதிரி இருக்கு. வீடியோ எடுத்தும் அனுப்பாதே. பத்துத் தடவை எடுத்து, அதுல எது ரொம்ப நல்லவனா இருக்கோ அதை அனுப்புவே. என்னை நேராப் பாத்து கையால சொல்லு.’

அவளுக்கு அவனை அவ்வளவு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லைன்காரன் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தான். பக்கத்தில் லேப்டாப், அதில் மானி. சவரம் செய்து, நீலச் சட்டை போட்டிருந்தான்; கை தெளிவாகத் தெரிய அடர்ந்த நிறம்தான் நல்லது. சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பதினெட்டு விநாடிதான் ஆகிறது. ஒரு லைனுக்கு ஒரு நாளைக்கு மூன்று சோதனைதான் முழுசாகத் திறக்கும். நாலாவது தடவை கம்பெனி உஷாராகிவிடும் என்பது லைன்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று முப்பது தொண்ணூறு. வாழ்க்கையைக் கேட்க ஒன்றரை நிமிஷம் போதாதா என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

அழைத்தான். திரையில் சதுரம் சதுரமாக ஒரு பழுப்பு நிறம். பொத்தானை அமுக்கினான்.

முள் ஏற, சதுரங்கள் கரைந்தன. அவள் வந்தாள்.

வகிட்டின் ஓரம் நரைத்திருந்தது. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகக் கண்ணில் பீங்கான் பொடி. பின்னால் ஜன்னலில் அந்த ஒற்றை மரம், அதன் இலைகூட அசைந்தது. புருவத்துக்கு மேலே ஒரு புதுத் தழும்பு. இது எப்போது வந்தது, யார் மருந்து போட்டார்கள்? அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாக்கு தானாகப் போய் அவள் செய்த பல்லைத் தொட்டது. ஐந்து மாசம் பசித்தவன் இலையில் விழுந்ததைப் போல அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவளும் வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்படி? நீ முழுசா இருக்கே!” என்றாள். அவன் சிரித்தான். முள் விழுந்தது.

முதல் முப்பது அப்படிப் போயிற்று. அதற்காக அவன் வருத்தப்படவும் இல்லை.

இரண்டாவது முப்பதை அவள் எடுத்துக்கொண்டாள். வேகமாகப் பேசினாள்: இங்கே என் மேஜை, என் சூளை, என் கீழே ஆறு பேர். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது எதிரே யாரும் இல்லை. விடுதியில் யாருக்கும் கை பேசத் தெரியாது. ஐந்து மாசமாக என் கையை நான் வேலைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். “உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதே” என்றாள். கடைசியில் கண்ணை அகல விரித்து, விரலை அவனை நோக்கி நீட்டினாள். “நீ?”

மூன்றாவது. அவன் பொத்தானை அமுக்கத் திரும்பினான். அமுக்கியதும் லேப்டாப்பில் மானியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதித்தது. ‘எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? நட்சத்திரம் கொடுங்கள்.’ கொடுக்காமல் சோதனை சரியாக ஓடுகிறதா என்று தெரியவில்லை. மூடும் குறியைத் தேடினான். ஓரத்தில், எறும்பு அளவுக்கு இருந்தது. இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாம் தடவை மூடினான். நிமிர்ந்து, மார்பைத் தொட்டு “நான்” என்றான். அதற்குள் முப்பதும் முடிந்து அவள் சதுரம் சதுரமாக உடைந்தாள்.

நாலாவது தடவை அமுக்கிப் பார்த்தான். முள் இரண்டு கோட்டைத் தாண்டவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அது உண்மையைச் சொன்னது.

‘இரு. பத்து நிமிஷம். போயிடாதே’ என்று எழுதிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஓடினான். செருப்பு மாட்டிய நினைவில்லை. இன்னொரு லைன் இருந்தால் இன்னொரு மூன்று தடவை. யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, தட்டினால் என்னவென்று சொல்வது? பொய் சொல்லி இன்னொரு வீட்டுக்குள் நுழைய அவனுக்கு மனசு வரவில்லை. கால் தானாக இரண்டாவது தெருவுக்குத் திரும்பியது.

வயலின் டீச்சர் வில்லும் கையுமாகக் கதவைத் திறந்தார். பின்னால் ஸ்டாண்டில் மருந்துக் கடைக்காரர், வழக்கம்போல உறைந்திருந்தார்.

“ஒயர் மறுபடி லூசாயிடுச்சு தம்பி” என்றார் டீச்சர். குரலில் ஒன்றுமில்லை.

“ஒயர் லூசே இல்ல டீச்சர். நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்.” மூச்சு வாங்கியது. முள்ளைப் பற்றிச் சொன்னான். முப்பது விநாடி, பட்டியல், எல்லாவற்றையும் மூடச் சொல்வது எதற்கு என்பதையெல்லாம் ஒப்பித்தான். இதில் பாதியை வெளியே சொன்னாலே வேலை போய்விடும். போனைக் காட்டினான். “என் வீட்டுக்காரி. அவளுக்குக் காது கேக்காது, கையாலதான் பேசுவோம். நாளைக்கு அவ ஒரு கையெழுத்துப் போடறதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லியாகணும். எங்க வீட்டு லைன்ல மூணும் முடிஞ்சுபோச்சு.”

டீச்சர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சவரம் செய்த முகம், நீலச் சட்டை, வெறுங்கால்.

“அன்னைக்கு நான் உங்களுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டேன். தெரியுமா?”

“தெரியும் டீச்சர்.”

“நீங்க போனதுக்கப்புறம் ரெண்டு பேர் பாடத்தை விட்டுட்டாங்க. எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வரலையோன்னு நெனச்சேன். இந்த வயசுல அப்படி நெனைக்க வச்சுட்டீங்களே.”

மன்னிப்புக் கேட்கும் சைகை ஒன்று உண்டு, நெஞ்சில் கையைச் சுழற்றுவது. அவன் வாய்க்கு வராதது கைக்கு வந்துவிட்டது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மருந்துக் கடைக்காரரின் அழைப்பை அணைத்துவிட்டு, ஸ்டாண்டிலிருந்து டேப்லெட்டை எடுத்தார்.

“போனை இங்க வைங்க. வெளிச்சம் இந்தப் பக்கம் நல்லா வரும்.”

வைஃபையை மாற்றி, அழைத்தான். ஸ்டாண்டில் சதுரங்கள் வந்தன. டேப்லெட்டில் மானியைத் திறந்து, பொத்தான் எது என்று காட்டினான்.

“பொத்தானைப் பாத்து அமுக்கறதுலதான் கோட்டை விட்டுட்டேன் டீச்சர். கைப்பேச்சுல கண்ணை எடுத்தா பேச்சு அறுந்துடும்.”

“நீங்க அவங்களைப் பாருங்க. இதை நான் பாத்துக்கறேன்” என்று டீச்சர் வில்லை நாற்காலியில் வைத்துவிட்டு, பொத்தானை அமுக்கினார்.

அவள் வந்தாள். ஜன்னல், மரம், தழும்பு, எல்லாம் வந்தது. அவன் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. மார்பைத் தொட்டான். விரல் நீட்டினான். கைகள் வழக்கம்போலத் திக்கின.

“அன்னைக்குப் போகாதேன்னு சொல்லணும்னு இருந்தது. பயந்துட்டேன். உன் வேலையை நான் கெடுத்துடுவேனோன்னு பயம். இன்னைக்கும் பயம்தான். ஆனா எனக்கு நீ வேணும். இங்க. எதிர்ல. நீ வா. வர முடியாதுன்னா சொல்லு, நான் அங்க வரேன். அங்கயும் ஒயர் இருக்கும், ஏணி இருக்கும். உன் இஷ்டம் இல்ல. என் இஷ்டம் இது.”

கடைசி வார்த்தைக்குக் கை நெஞ்சை விட்டு வரவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், இமைக்காமல் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மாற ஆரம்பித்தபோது முள் சரிந்தது.

டீச்சர் கேட்காமலே மறுபடி அமுக்கினார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். அது அழுகையா, அழுகையோடு சேர்ந்த சிரிப்பா என்று இத்தனை வருஷப் பழக்கத்திலும் அவனால் சொல்ல முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், கையைத் துடைத்துக்கொண்டாள். துடைப்பதிலேயே பாதி நேரம் போனது. அவன் அவசரப்படுத்தவில்லை. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து முறுக்கினாள். அவன் பெயர். அந்தப் பெயரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதில் சொல்லப் போகிறவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

படம் நின்றது.

“இன்னும் ஒண்ணு இருக்குல்ல?” என்றார் டீச்சர்.

“இருக்கு டீச்சர்.”

அவன் திரும்பவில்லை. ஸ்டாண்டில், நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய இரண்டு கைகளும் மார்புக்கு நேராக நின்றன. நகக் கண்ணில் வெள்ளைப் பொடி, விரல்கள் பாதி விரிந்து, இன்னும் எந்த வார்த்தையும் ஆகாமல். பக்கத்தில் டீச்சரின் விரல் பொத்தானில் பதிந்தது. பூஜ்யத்தில் கிடந்த முள் லேசாக நடுங்கி, ஏற ஆரம்பித்தது.